பழைய ஜீப்பை இரண்டு அங்குலம் தூக்குவதற்கு முன்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் தோட்டம் வாங்குகிறவர்களுக்குக் காப்பிச் செடி, மிளகுக் கொடி, நாலைந்து ஆரஞ்சு மரத்தோடு பல நேரம் ஒரு பழைய ஜீப்பும் சேர்ந்து வந்துவிடும். ஐப்பசி மழையில் தோட்டப் பாதை அரித்துப்போய், நடுவில் பாறை தலையைத் தூக்கும். அதில் வண்டியின் வயிறு ஒரு தடவை ‘கிரீச்’ என்று உரசினால் போதும், அன்று சாயங்காலமே என்னிடம் கேள்வி வரும்: “அண்ணே, வண்டியக் கொஞ்சம் தூக்கிடலாமா?”

தூக்கலாம். ஆனால் இருபது, முப்பது வருஷம் மூட்டை சுமந்த ஜீப் எதுவும் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த உயரத்தில் இப்போது இருக்காது. ஸ்பிரிங் பட்டைகள் களைத்து, அவற்றின் முனையில் இருக்கும் புஷ் தேய்ந்து, பட்டையின் ஒரு முனையை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள் படுத்து, சத்தமில்லாமல் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்கும். நீங்கள் ஆசைப்படும் இரண்டு அங்குலத்தில் பெரும்பகுதி அந்த வண்டி ஏற்கெனவே தொலைத்ததுதான். அதை முதலில் மீட்டுவிட்டு, அப்புறமும் போதவில்லை என்றால் மேற்கொண்டு யோசிக்கலாம். நான் இதைத் தலைகீழாகச் செய்து காசும் ஒரு மழைக்காலமும் இழந்தவன்.

இங்கே நான் பேசுவது நான்கு சக்கரத்துக்கும் லீஃப் ஸ்பிரிங், அதாவது கமான் பட்டை உள்ள வண்டிகளைப் பற்றி. மஹிந்திராவின் சிஜே 340, எம்எம் 540, எம்எம் 550, மேஜர், அப்புறம் மாருதி ஜிப்சி. 2010இல் வந்த முதல் தார் வேறு ஜாதி. அதற்குப் பின்னால் பட்டை, முன்னால் டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி. போல்ட்டைத் திருகினாலே அதன் முன்பக்கம் உயர்ந்துவிடும். சுலபமாக இருக்கிறதே என்று அளவுக்கு மேல் திருகினால் முன் ஆக்சிலின் ஜாயின்ட்டுகள் கோணலாக ஓடிச் சீக்கிரம் தேயும். சக்கரம் கீழே இறங்கவும் இடம் இருக்காது.

முதல் வேலை அளவெடுப்பது. சமதளமான இடம் வேண்டும். மலையில் அது கிடைப்பதே பெரிய பாடு. நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை போய் எடுப்பேன். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், டீசல் பாதிக்கு மேல் இருக்கட்டும், பின்னால் கிடக்கும் மண்வெட்டி, கடப்பாரை, காலி சாக்கு எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். வண்டியை நாலடி முன்னும் பின்னும் ஓட்டி நிறுத்தினால் பட்டைகள் தம் இடத்தில் அமரும். இப்போது ஒவ்வொரு சக்கரத்திலும் ஹப்பின் நடு மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து நோட்டில் எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர் தேய்மானமும் காற்றும் அதில் கலந்து கணக்கைக் கெடுக்கும்.

என் எம்எம் 540இல் முதல் தடவை அளந்தபோது ஓட்டுகிறவர் பக்கம் மற்றப் பக்கத்தைவிட 3 செ.மீ. தாழ்ந்திருந்தது. கண்ணுக்கு அது தெரியவே இல்லை. வண்டி எப்போதும் வலப்பக்கம் சாய்ந்தே போகிறது, பாதைதான் கோணல் என்று ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அளவு முடிந்ததும் கீழே படுங்கள். பழைய சாக்கு ஒன்று, டார்ச் ஒன்று. பட்டை வில்போல வளைந்திருக்கிறதா, நேராகிவிட்டதா, எதிர்ப்பக்கம் வளைந்துவிட்டதா? ஏதாவது ஒரு பட்டையில் விரிசல் இருக்கிறதா? விரிசல் பெரும்பாலும் பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் ஓட்டையின் அருகிலோ, பட்டை முனை சுருண்டு கண்ணாகத் திரும்பும் இடத்திலோ விழும். ஷேக்கிள் சற்றுச் சாய்ந்து நிற்க வேண்டும். சட்டத்தோடு ஒட்டிப் படுத்திருந்தால் பட்டைக்கு நீள இடமில்லை என்று அர்த்தம். பட்டை நேராகும்போது நீளும், அந்த நீளத்தை வாங்கிக்கொள்வதுதான் ஷேக்கிளின் வேலை. ஆக்சில் பட்டையின் மேல் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தால் சென்டர் போல்ட் உள்ளே அறுந்திருக்கலாம். அப்படியானால் வண்டியைத் தூக்கும் பேச்சை விட்டுவிட்டு அன்றைக்கே பட்டறைக்குப் போங்கள்.

அடுத்தது எது உரசுகிறது என்று கண்டுபிடிப்பது. புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். என் வழி மலிவானது. வெள்ளையடிக்கிற சுண்ணாம்பைக் கரைத்து, வண்டிக்கு அடியில் டிஃப்ரன்ஷியல், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், சைலன்சர் குழாய், கால்மிதி, பின் கொக்கி எல்லாவற்றிலும் பூசிவிட்டு, காய்ந்ததும் வழக்கமான தோட்டப் பாதையில் ஒரு தடவை போய் வாருங்கள். திரும்பி வந்து சுண்ணாம்பு எங்கே சுரண்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கால்மிதியில் என்றால் கால்மிதியைக் கழற்றுங்கள். சைலன்சர் குழாயில் என்றால் குழாயை இரண்டு விரற்கடை மேலே ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். நடு வயிற்றில் என்றால் வண்டியைத் தூக்குவது நிஜமாகவே உதவும். ஆனால் ஆக்சில் நடுவில் குண்டாக இருக்கும் டிஃப்ரன்ஷியலில் என்றால், பட்டையை மாற்றி நீங்கள் எத்தனை அங்குலம் தூக்கினாலும் ஒரு மில்லிமீட்டர்கூட லாபம் கிடையாது. ஆக்சில் டயரின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பட்டை அதற்கு மேலே இருக்கும் உடம்பைத்தான் உயர்த்தும். ஆக்சிலை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி.

டயர் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஜிப்சி கிங்கில் வந்தது 205/70 ஆர் 15. அதன் விட்டம் சுமார் 668 மி.மீ. 215/75 ஆர் 15 போட்டால் சுமார் 703 மி.மீ. வித்தியாசம் 35 மி.மீ. அதில் பாதி, 17-18 மி.மீ. மட்டும்தான் ஆக்சிலுக்குக் கீழே கிடைக்கும். ஒரு விரல் தடிமன். இதற்கு நீங்கள் கொடுக்கும் விலையும் உண்டு. டயர் விட்டம் 5 சதவீதம் கூடியதால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63இல் போகும். அது போகட்டும். மலையில் இதைவிட முக்கியமானது, எல்லா கியரும் 5 சதவீதம் உயர்ந்துவிடும். ஏற்றத்தில் எஞ்சின் திணறும். இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பு குறைந்து பிரேக் அதிகம் வேலை செய்யும். பெரும்பாறையிலிருந்து சித்தரேவுக்கு இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே நின்று வந்த வண்டி, பெரிய டயர் போட்ட பிறகு அதே கியரில் மெல்ல வேகம் பிடிக்கும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கியிருப்பவர்களுக்கு, சூடான பிரேக் மணக்கும் வாடை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அளவு பெரிய டயர் போதும். அதற்கு மேல் போகாதீர்கள்.

சரி, வயிறுதான் உரசுகிறது, பட்டைதான் களைத்திருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. இனி என்னென்ன வழி இருக்கிறது?

மலிவான வழி, இருக்கும் பட்டையைக் கழற்றிக் கேம்பர் அடிப்பது. திண்டுக்கல், வத்தலக்குண்டு பக்கம் லாரி வேலை செய்யும் ஸ்பிரிங் பட்டறைகளில் செய்வார்கள். பட்டையைப் பிரித்து, ஒவ்வொன்றாக அடித்து வளைவை மீட்பார்கள். நல்ல கைக்காரரிடம் போனால் சில காலம் நிற்கும். ஆனால் களைத்த இரும்பு களைத்த இரும்புதான். சரியாகச் சூடேற்றிப் பதம் கொடுக்காமல் வெறுமனே அடித்து வளைத்தால் ஒரு காப்பி சீசன் மூட்டை ஏற்றியதும் பழையபடி அமர்ந்துவிடும். கையில் காசு இல்லாத வருஷத்துக்கு இது பரவாயில்லை.

இரண்டாவது, கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அடியில் குட்டையாகத் தடித்த பட்டை ஒன்றைச் சொருகினால் வண்டி உயரும், உண்மைதான். கூடவே விறைத்துக் கட்டையாகிவிடும். காலி வண்டியில் கல் பாதையில் போகும்போது சக்கரம் பாதையை ஒட்டிப் போகாமல் துள்ளும். துள்ளுகிற சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை. ஈரமான செம்மண் ஏற்றத்தில் உயரமான கட்டை வண்டியைவிடத் தாழ்ந்த மெத்தென்ற வண்டி மேலே ஏறிவிடும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பட்டை சேர்த்தே ஆக வேண்டுமென்றால் கண் உள்ள மெயின் பட்டைக்கு அடுத்தபடியாக, நீளமான, மெல்லிய பட்டையாகப் பார்த்துச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நீளமான ஷேக்கிள். நான் மாட்டிக்கொண்டது இதில்தான். கடையில் வாங்கிய ஷேக்கிள் பழையதைவிட 2 அங்குலம் நீளம். வண்டி 2 அங்குலம் உயரும் என்று கடைக்காரர் சொன்னார். உயர்ந்தது ஒன்று. கணக்கு அப்படித்தான். பட்டையின் ஒரு முனை மட்டும் இறங்குவதால் நடுவில் இருக்கும் ஆக்சிலுக்குப் பாதிதான் கிடைக்கும். அது மட்டுமென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். முன்பக்கப் பட்டையின் ஒரு முனை மட்டும் இறங்கினால் ஆக்சில் சற்றுத் திரும்பும். சக்கரத்தைத் தாங்கும் கிங் பின் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுக்குக் காஸ்டர் என்று பெயர். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது அதனால்தான். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் இதற்குத்தான். பழைய ஜீப்பில் முன் ஷேக்கிள் முன்முனையில் இருப்பதால் அதை நீட்டினால் காஸ்டர் குறையும். மறுநாள் ஊத்து என்ற ஊரிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் திரும்பாமல் அப்படியே நின்றது. கையால் இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டு கீழே போய்ச் சேர்ந்தேன். எதிரே வந்த பஸ்காரர் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நாலாவது, ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் பட்டையை மேலே மாற்றி வைப்பது. பழைய ஜீப்பிலும் ஜிப்சியிலும் பட்டை ஆக்சிலின் அடியில் தொங்குகிறது. மேலே வைத்தால் ஒரேயடியாக நாலைந்து அங்குலம் எகிறும். வெட்டி ஒட்டும் வெல்டிங் வேலை, ஸ்டீயரிங் மாற்றம், எஞ்சின் சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் மாற்றம், எல்லாம் வேண்டும். போட்டிக்கு வண்டி ஓட்டுபவர்கள் செய்யட்டும். மூட்டை ஏற்றுகிற, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற வண்டிக்கு இது வேண்டவே வேண்டாம். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைக்கலாமே என்று லாரி பார்த்தவர்கள் சொல்வார்கள். பட்டை அடியில் இருக்கும் வண்டியில் கட்டை வைத்தால் வண்டி இறங்கும், ஏறாது!

என் தேர்வு ஐந்தாவது: நாலு பக்கமும் முழுசாகப் புதுப் பட்டை, புதுப் புஷ், புது ஷேக்கிள், கம்பெனி நீளத்திலேயே. பட்டறையில் செய்யச் சொல்லும்போது வளைவை ஓர் அங்குலம் மட்டும் கூட்டிக் கேட்கலாம். தொலைந்ததும் கூடியதும் சேர்ந்து இரண்டு, இரண்டரை அங்குலம் கையில் கிடைத்துவிடும். பட்டறைக்காரரிடம் வண்டியில் வழக்கமாக என்ன எடை இருக்கும் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். வாரம் நாலு நாள் பத்து மூட்டை ஏற்றும் வண்டிக்கும் சனிக்கிழமை குடும்பத்தோடு மன்னவனூர் போகும் வண்டிக்கும் ஒரே பட்டை சரிவராது. இரும்பு பம்பர், வின்ச், மேலே கேரியர் என்று சேர்த்து வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கேரியரைக் கழற்றி வீட்டில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கட்சி.

உயரத்துக்கு ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்று கேட்பீர்கள். மலைப்பாதை பக்கவாட்டில் சரிந்திருக்கும். கணக்குக்காக, சக்கரங்களுக்கு நடுவே 130 செ.மீ. இடைவெளி, வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நின்ற இடத்தில் அந்த வண்டி கவிழ சுமார் 47 டிகிரி சாய வேண்டும். மையம் 5 செ.மீ. உயர்ந்தால் 45 டிகிரி போதும். இரண்டு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் ஓடுகிற வண்டியில், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி, மறுபக்கம் கல்லில் ஏறி, பின்னால் மூட்டை ஒரு பக்கம் நகர்ந்து கிடக்கும்போது காகிதத்தில் உள்ள அந்த 45 பாதியாகிவிடும். மீதியிலிருந்துதான் அந்த இரண்டு போகிறது.

பட்டை மாற்றும்போது கூடவே பார்க்க வேண்டியவை சில உண்டு. இவற்றில் பிரேக் ஹோஸ்தான் தலையாயது. சட்டத்திலிருந்து ஆக்சிலுக்குப் போகும் ரப்பர் குழாய் பழைய உயரத்துக்கு அளவெடுத்தது. ஷேக்கிளைக் கழற்ற நான் போனபோது பட்டறை அண்ணன் ஜாக்கி போட்டு, சக்கரத்தைத் தொங்கவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். குழாய் வீணைத் தந்தி மாதிரி விறைத்திருந்தது. “தம்பி, இன்னும் ஒரு பெரிய பள்ளம் எறங்கியிருந்தா பிரேக்கு இல்ல” என்றார். வேலை முடிந்ததும் சக்கரங்களை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். குழாயில் தொய்வு இருக்க வேண்டும். இல்லையென்றால் நீளமான குழாய் போடுங்கள். சட்டத்தில் இருக்கும் பிடியை வளைத்துச் சமாளிக்காதீர்கள்.

ஷாக் அப்சார்பருக்கும் இதே ஜாக்கியிலேயே அளவெடுங்கள். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது மேல் பின்னுக்கும் கீழ்ப் பின்னுக்கும் எவ்வளவு தூரம், ஆக்சில் மேலே ஏறி பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பில் முட்டும்போது எவ்வளவு தூரம், இரண்டையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஷாக் அதைவிட இரண்டு செ.மீ. கூடுதலாக விரிய வேண்டும், இரண்டு செ.மீ. கூடுதலாகச் சுருங்கவும் வேண்டும். பழைய ஷாக்கையே மாட்டினால், தொங்கும்போது ஆக்சிலின் எடை முழுவதையும் ஷாக் தாங்கி, கண் பிய்ந்துவிடும்.

ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கோணத்தைக் கண்ணால் பார்த்தாலே தெரியும். சிஜே போலச் சக்கர இடைவெளி 80 அங்குலமே உள்ள குட்டை வண்டியில் பின் ஷாஃப்ட் ரொம்பக் குட்டை. கொஞ்சம் தூக்கினாலும் கோணம் கூடி 40-50 வேகத்தில் அதிர்வு வரும். இரண்டு அங்குலத்துக்குள் பெரும்பாலும் வராது. காஸ்டர் குறைந்திருந்தால் முன் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு, தடித்த பக்கம் முன்னால் இருக்கும்படி, வைக்கலாம். ஆனால் ஆக்சில் அப்படித் திரும்பும்போது முன் ஷாஃப்ட் சேரும் மூக்கு கீழே போய், அங்கே கோணம் கூடும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும். இரண்டு, மூன்று டிகிரிக்கு மேல் போகாதீர்கள்.

பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் எட்டும் புதிது. பழையது ஒரு தடவை இழுபட்டது, திரும்பப் பிடிக்காது. குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்கி, 300-400 கி.மீ. ஓட்டியதும் மறுபடி இறுக்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள வண்டியில், பட்டையின் கண் போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. வண்டியைக் கீழே இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கலில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து ஒரே மழைக்காலத்தில் கிழிந்துவிடும். அவசரப்படும் பட்டறைகளில் இது தவறுவது சகஜம். பக்கத்தில் நின்று பாருங்கள். அப்புறம் ஹெட்லைட். மூக்கு உயர்ந்தால் வெளிச்சம் மரக்கிளைக்குப் போகும். எதிரே வருபவருக்குக் கண் கூசும். இறக்கி வையுங்கள்.

அரசாங்கச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. களைத்த பட்டையை அதே அளவுப் புதுப் பட்டையாக மாற்றுவது பழுதுபார்ப்பு. அதைத் தாண்டிப் போவதாக இருந்தால் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் முன்பே பேசிவிடுங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கப் போய் நிற்கத்தான் போகிறீர்கள். அந்த நேரத்தில் வாய்ச்சண்டை வேண்டாம்.

வேலை முடிந்த அன்றே மழைப்பாதையில் இறக்காதீர்கள். முதலில் தார் ரோட்டில் காலியாக, அப்புறம் நாலு மூட்டையோடு, அப்புறம் நன்றாகத் தெரிந்த ஒரு கெட்ட இடத்தில், வெளியே ஒருவர் நின்று சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாக. மட்கார்டில் டயர் எங்கே உரசுகிறது என்று அவர்தான் சொல்ல முடியும். புதுப் பட்டை முதல் சில வாரங்களில் கொஞ்சம் அமரும். ஒரு மாதம் கழித்து அதே மைதானத்தில் அதே அளவை எடுத்துப் பழைய கணக்குக்குப் பக்கத்தில் எழுதுங்கள். என் வண்டி முன்னால் 5.5 செ.மீ. ஏறி, ஒரு மாதத்தில் ஒன்றரை செ.மீ. அமர்ந்து, 4இல் நின்றது. நடுப்பாறை இப்போது உரசுவதில்லை. டிஃப்ரன்ஷியல் இன்னும் ஒரு இடத்தில் உரசுகிறது. அங்கே பாறையின் இரண்டு பக்கமும் கல்லை நிரப்பிப் பாதையை உயர்த்திவிட்டேன். அரை நாள் வேலை.

கழற்றிய பழைய பட்டைகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நல்ல எஃகு. ஊர்க் கொல்லரிடம் கொடுத்தால் அரிவாள் அடித்துத் தருவார். நிழல் மரம் கவாத்து பண்ண நான் வைத்திருப்பது என் ஜீப்பின் பழைய மெயின் பட்டைதான்.